ஒட்டகத்தைக் கமால் என்று வாசித்தவன்

என் சேவியர் மச்சானுக்கு,

வாசிக்க உனக்கு எப்போதும் பஞ்சி. கடைக்குள் வந்து பேப்பரை என் முன்னால் போட்டுவிட்டு, "நீ வாசிடா, நான் கேக்கிறேன்" என்பாய். அதனால் இதையும் வாய்விட்டு வாசித்து வாசித்துத்தான் எழுதுகிறேன். நாலு பேர் கேட்கிற இடத்தில் உன்னோடு கதைக்கிறேனே என்று கோபிக்காதே. நீ இருந்த காலத்திலும் நாங்கள் இரகசியம் பேசியது கிடையாது. கொழும்புக் காலி வீதியின் இரைச்சலில் நின்று நீ குசுகுசுத்தால் அடுத்த பஸ் தரிப்பில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

முதலில் வீட்டுச் செய்தி. என் மகள் தர்சிக்கு மேற்படிப்புக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்திருக்கிறது. நீ தூக்கி வைத்திருந்தால் உன் சட்டைப்பைப் பேனையைப் பிடுங்குவாளே, அந்தத் தர்சிதான். மிருக வைத்தியம் படித்து முடித்துவிட்டாள். எந்த நாடு என்று கேள். நீ போன அதே நாடு. எதைப் பற்றிய ஆராய்ச்சி என்று கேள். ஒட்டகத்தின் இரத்தம்.

கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. நான் இன்னும் அவளுடைய பாஸ்போட்டைக் கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் பதிவுத் துண்டு, பாஸ்போட் எல்லாம் ஒரே பொலித்தீன் பையில், அலுமாரியில் என் உடுப்புகளுக்குக் கீழே. சோதனைக்கு வந்து கதவைத் தட்டினால் ஒரு கையால் தூக்கிக்கொண்டு போவதற்கு. இப்போது மின்சார மீற்றர் பார்க்க வருகிறவரைத் தவிர யாரும் தட்டுவதில்லை. ஆனாலும் பை அங்கேதான் இருக்கிறது, நான்தான் அதன் காவல்காரன். தர்சி மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் "தேடிப் பாக்கிறன் பிள்ளை" என்றேன். கை எட்டுகிற தூரத்தில் இருக்கிற சாமானை மூன்று மாதமாகத் தேடுகிற திறமை எனக்கு மட்டும்தான் வரும்.

அங்கே சரியான வெக்கை என்றேன். தனிய எப்படி இருப்பாய் என்றேன். கலியாணம் பேசுகிற நேரம் என்றேன். என் மனுசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உண்மைக் காரணத்தைத் தவிர மிச்ச எல்லாத்தையும் இந்த மனுசன் சொல்லி முடிச்சிட்டுது" என்றாள்.

உண்மைக் காரணம் நீதான்.

நீ கடைக்கு வருவதை இன்னும் நிறுத்தவில்லை என்று நான் அவர்களுக்கு எப்படிச் சொல்வேன்? உள்ளே வந்த கையோடு போட்டோக்கொப்பி மெசினின் பச்சைப் பொத்தானை அமத்துவது உன் பழக்கம். ஒரு வெறுந்தாள் வெளியே வரும். "உன் மெசின் எனக்குச் சலாம் வைக்குது" என்பாய். நான் தாளின் விலையைச் சொல்லி ஏசுவேன். இப்போது அந்த மெசின் தானாகவே, யாரும் தொடாமல், கிழமைக்கு ஒரு தரமாவது வெறுந்தாள் ஒன்றைத் தள்ளுகிறது. திருத்த வந்தவர் சென்சர் தேய்ந்துவிட்டது, மாற்றவேண்டும் என்றார். பிறகு பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. சென்சரிலும் முழு நம்பிக்கை இல்லை.

தாள் பரவாயில்லை. மூச்சுத்தான் ஆகாது. காலையில் யாராவது ஒருவர் வெளிநாட்டு வேலை ஏஜென்சி ஃபோமை நீட்டுவார். நான் கண்ணாடியைப் போட்டு முதல் சொல்லை வாசிக்கத் தொடங்க, வலது தோளுக்குப் பின்னால் ஒரு மூச்சு வந்து நிற்கும். "யார்டா கமால்?" நான் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தச் சொல்லை இரண்டாம் தரம் வாசிப்பேன். மூன்றாம் தரமும் வாசிப்பேன். என்னைக் கவனமான ஆள் என்று சனம் நினைக்கிறது.

பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும், பொறுத்துக்கொள்.

நாங்கள் சந்தித்தது ஒரு ரவுண்டப்பில். போர் நடந்த அந்தக் காலத்தில் பொலிசும் ஆமியும் யாரோ ஒருவனைத் தேடி வருவார்கள், அவன் யாரென்று தெரியாததால் முழு ஒழுங்கையையும், வீடு வீடாக, அள்ளிக்கொண்டு போவார்கள். நான் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் பல்லு விளக்கிக்கொண்டு நின்றேன். நீ அந்த லொட்ஜுக்குப் பாண் கொண்டுவந்த கொட்டாஞ்சேனைப் பேக்கரி ஆள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் கொழும்பு. தேடப்பட்டவனுக்கும் உனக்கும் இருந்த ஒரே சம்பந்தம் தமிழ். பொலிஸ் நிலைய முற்றத்தில் மத்தியானம் வரைக்கும் வெய்யிலில் குந்தியிருந்தோம். என் வாயைச் சுற்றிப் பற்பசை காய்ந்துபோயிருந்தது. "அண்ணே, துப்பிட்டாவது வந்திருக்கலாம்" என்றாய். கூடையில் மிஞ்சியிருந்த பாணைப் பிய்த்து வரிசை முழுக்கக் கொடுத்தாய். தேடப்பட்டவன் அந்த வரிசையில் இருந்தானா என்று இன்றுவரை தெரியாது. இருந்திருந்தால் அவனும் உன் பாண் சாப்பிட்டிருப்பான்.

பிறகு நான் லொட்ஜை விட்டேன், கலியாணம் கட்டினேன், கொமினிகேசன் கடை போட்டேன். ரைப்பிங், போட்டோக்கொப்பி, ஆங்கில விண்ணப்பங்கள் நிரப்பப்படும் என்று கடை வாசலில் பெயர்ப் போட் எழுதியபோது பக்கத்தில் நின்றவன் நீ. ஓ.எல். பரீட்சையில் எனக்கு ஆங்கிலம் ஃபெயில் என்று இந்த ஊரில் தெரிந்திருந்த ஒரே ஆளும் நீ. இப்போது எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். பாரம் குறைந்தமாதிரித்தான் இருக்கிறது.

பேக்கரி மூடின வருடம் நீ ஏஜென்சி ஃபோமோடு வந்தாய். கடையில் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். வேலை செய்யுமிடம் என்ற கோட்டில் இரண்டு சொல் ரைப் பண்ணியிருந்தது. கேமல் என்று வரவேண்டிய சொல்லில் ஒரு எழுத்து மாறி, ஈ வரவேண்டிய இடத்தில் ஏ விழுந்திருந்தது. அடுத்த சொல் ஃபாம். அரைகுறையாகப் படித்தவனும் கொஞ்சம் யோசித்திருப்பான். நான் யோசிக்கவில்லை. வரிசைக்கும் கேட்கட்டும் என்று உரத்து வாசித்தேன்.

"கமால் ஃபாம்."

நீ என்னைப் பார்த்தாய். திரும்பி, பின்னால் நின்றவர்களைப் பார்த்தாய். பிறகு குனிந்து கேட்டாய்.

"யார்டா கமால்?"

"முதலாளியடா. அவற்ற தோட்டம். பேரீச்சம்பழமா இருக்கும்."

"நல்ல ஆளா?"

"பேரைப் பாத்தா மரியாதையான ஆள் மாதிரித்தான் கிடக்கு."

தெரு நாயைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கம் போகிறவன் நீ. பூனை குறுக்கே வந்தால் வழிவிட்டு நிற்பாய். அப்படிப்பட்டவனை நான் ஒட்டகப் பண்ணைக்கு அனுப்பினேன், ஒரு எழுத்தைப் பிழையாக வாசித்து. போய்ச் சேர்ந்த கிழமை ஃபோன் எடுத்தாய்.

"மச்சான், உன் கமாலைச் சந்திச்சேன். நாலு கால். முதுகுல ஒரு மலை. என்னப் பார்த்து வாயை அசைச்சுக்கிட்டே நிக்குது. மரியாதையான ஆள்தான்."

கடையில் சனம் பார்க்க நான் கண்ணால் தண்ணி வரச் சிரித்தேன். ஃபோனை வைத்தபிறகுதான் ஃபோமில் நான் வாசித்தது என்ன என்று விளங்கியது. திரும்பி வந்துவிடு என்று சொல்லியிருக்கலாம். நீ சிரித்துக்கொண்டிருந்தாய், அது எனக்கு வசதியாக இருந்தது. அதற்குப்பிறகு அங்கிருந்த ஒட்டகம் எல்லாவற்றுக்கும் கமால் என்றே பெயர். தர்சிக்கு வீடியோ அனுப்புவாய். "தர்சிக் குட்டி, இந்தா பாரு, கமால் குட்டி போட்டிருக்காரு." அவள் பள்ளிக்கூடம் முழுக்க அதைச் சொல்லித் திரிந்தாள்.

கடைசி அழைப்பை நான் யாருக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை. நீ கதைக்க முன்னமே இருமல் கேட்டது.

"மச்சான், மூணு நாளா காய்ச்சல். இருமல் விடுதில்ல. மருந்து எடுக்கிறதுன்னா பட்டணத்துக்குப் போகணும், லீவு கேக்கணும். இங்க கமால் ஒண்ணு ரெண்டுக்கு மூக்கால ஒழுகிக்கிட்டு இருந்திச்சு. அதுங்க இப்ப சும்மா நிக்குதுங்க."

"கமாலுக்குச் சுகமெண்டா உனக்கும் சுகம்தான். நீ என்ன அவரைவிடப் பெரிய ஆளோ, தனிய வருத்தம் வர?"

நீ சிரித்தாய். சிரிப்பு பாதியில் இருமலாக மாறி, கனநேரம் நிற்கவில்லை. நின்றதும், "சரிடா, கமால் பார்த்துக்குவார்" என்றாய். இரண்டு கிழமைக்குப் பிறகு சீல் வைத்த பெட்டி வந்தது. திறக்க விடவில்லை. சுவாசப்பைக் காய்ச்சல், இருதயம் நின்றது என்று கடதாசியில் இருந்தது. அந்தக் கடதாசியைத் தமிழில் மாற்றிக் கொடுத்ததும் நான்தான். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்த்தேன்.

உன் முகத்தைக் காணாமல் புதைத்ததால்தானோ என்னவோ, நீ வருகிறாய்.

போன மாதம் ஒரு மத்தியானம் தர்சி படம் ஒன்றை அச்செடுக்கக் கடைக்கு வந்தாள். வட்ட வட்டமாக, உள்ளே புள்ளி புள்ளியாக இருந்தது.

"என்ன பிள்ளை, பருப்பு வடையோ?"

"ஒட்டகத்தின்ர வெண்குருதிக் கலம் அப்பா. இரத்தத்தில கிருமியோட சண்டை பிடிக்கிறது."

"கலமெண்டா எனக்குச் சோறு போடுற கலம்தான் தெரியும்."

"அப்ப சரி. இதுவும் சாப்பிடுற சாமான்தான்." அவளுக்கு உன் வாய். எனக்கும் கேட்க ஆசையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டேன்.

ஒட்டகத்தில் கொஞ்ச இரத்தம் எடுத்து, இந்தக் கலங்களை மட்டும் பிரித்தெடுப்பார்களாம். ஒரு ரியூப்பில் செத்த பற்றீரியாவின் தோல் துண்டைப் போடுவார்களாம். மற்ற ரியூப்பில் வைரஸ் மாதிரி வேசம் போட்ட ஒன்றை, உயிரில்லாததை, போடுவார்களாம். பிறகு இரண்டிலும் கலங்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் வேலை.

"அதுகளுக்கு வித்தியாசம் தெரியுமோ?"

"தெரியும் அப்பா. பற்றீரியா எண்டா ஆள் உசாராகி விழுங்க வெளிக்கிடும், மற்றவைக்கும் வரச்சொல்லிச் சேதி அனுப்பும். வைரஸ் எண்டா வேற சேதி. பக்கத்து வீட்டுக்காரர் கதவைப் பூட்டுங்கோ எண்ட மாதிரி."

"மனுசருக்கும் இப்பிடித்தானே?"

"மனுசருக்கும் இப்பிடித்தான். ஆனா எங்கட ஆக்களுக்குச் சிலவேளை எங்க நிப்பாட்டுறதெண்டு தெரியாது. சுவாசப்பைக்குள்ள ஒண்டைத் தேடி இறங்கினா, அங்க இருக்கிற எல்லாத்தையும் அடிச்சு நொருக்கிப்போடும். வைரசால வந்த சேதத்தைவிட, தேடப் போனவையால வந்த சேதம் கூட."

"ரவுண்டப்" என்றேன்.

"என்ன?"

அவள் அந்தக் காலத்துப் பிள்ளை இல்லை. லொட்ஜையும் பற்பசையையும் உன் பாணையும் சொன்னேன். ஒருவனைத் தேடி ஒழுங்கை முழுவதையும் அள்ளியதைச் சொன்னேன். கையிலிருந்த படத்தைத் திருப்பி ஒரு தரம் பார்த்தாள்.

"ஓம் அப்பா" என்றாள். "அதேதான்."

"ஒட்டகத்துக்கு?"

"ஒட்டகத்தில இருந்து மனுசருக்குத் தொத்துற வைரஸ் ஒண்டு இருக்கு. அது ஒட்டகத்துக்கு வந்தா மூக்கால ஓடும், கொஞ்ச நாளில மாறும். அதின்ர கலங்கள் தேடி வந்த ஆளை மட்டும் பிடிச்சுக்கொண்டு போயிடுது போல. ஏன் அவ்வளவு அமைதி, பற்றீரியா வந்தாலும் அப்பிடித்தானோ, ஒண்டும் முழுக்கத் தெரியாது. அதைத்தான் பாக்கப் போறன், நீங்கள் பாஸ்போட்டைத் தேடி எடுத்தா."

நான் பாஸ்போட் பக்கம் போகவில்லை. "அப்ப சேவியருக்கு வந்தது அதுவோ?"

"தெரியாது அப்பா. கடதாசியில அப்பிடி ஒண்டும் இல்லை. வைரசோ, பற்றீரியாவோ, வேற ஏதோ. ஒருத்தரும் அந்த நேரம் தேடிப் பாக்கேல்லப் போல."

"அப்ப நீ ஏன் ஒட்டகத்தை எடுத்தாய்? நாட்டில மாடு இல்லையோ?"

அவள் படத்தை உறைக்குள் வைத்தாள். "ஏன் எடுத்தன் எண்டு நினைக்கிறியள்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் படியிறங்கிப் போனபிறகு மெசின் ஒரு வெறுந்தாளைத் தள்ளியது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன், வாசிக்க ஏதோ இருக்கிறமாதிரி.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. அந்தச் செவ்வாய்க்கிழமை உன் நெஞ்சுக்குள் ரவுண்டப் நடந்துகொண்டிருந்திருக்கிறது. கதவுகளை உடைக்கிறார்கள், எல்லாரையும் முற்றத்துக்கு இழுக்கிறார்கள். நான் இந்தப் பக்கத்தில் நின்று பகிடி விடுகிறேன். வெளியே நிற்கிற ஒட்டகத்தைக் காட்டி, அங்கே அமைதியாகத்தானே இருக்கிறது என்கிறேன். வெள்ளவத்தையில் ஆட்களை அள்ளுகிற காலையிலும் இரண்டு ஒழுங்கை தள்ளி யாரோ ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள் அல்லவா? அந்த ஆள் நான்.

சனிக்கிழமை பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். உன் மனுசி மெர்சி அதே வீட்டில்தான் இருக்கிறாள். பள்ளிக்கூட யூனிஃபோம் தைக்கிறாள். முன்னறை முழுக்க வெள்ளைத் துணி. சுவரில் நீ மாலையோடு தொங்குகிறாய், உன்னைப் பார்க்காத பக்கமாகக் கதிரையைத் திருப்பிப் போட்டு இருந்தேன். பால் போடாத பிளேன்டி வந்தது.

"மெர்சி, நான் உனக்கு ஒண்டு சொல்லவேணும். கனகாலத்துக்கு முன்னம் சொல்லியிருக்கவேணும். சேவியர் போகேக்க அந்த ஃபோமில..."

"கமால் கதையா?"

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அவருக்குத் தெரியும் சிவம் அண்ணன்" என்றாள் மெர்சி. "ஏஜென்சில முதல் நாளே சிங்களத்துல சொன்னாங்க, ஒட்டுவா, அதான் ஒட்டகம், பார்க்கிற வேலைன்னு. போட்டோவும் காட்டியிருக்காங்க. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சரியா சோறு திங்கல. அப்புறம் போறேன்னு முடிவெடுத்துட்டுத்தான் உங்ககிட்ட ஃபோம் நிரப்ப வந்தாரு."

"தெரிஞ்சுகொண்டோ என்னட்ட யார் கமால் எண்டு கேட்டவன்?"

"வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரிச்சாரு. 'வரிசைல ஆள் நிக்குது மெர்சி, ஒட்டகத்த முதலாளியாக்கிட்டான். நான் திருத்தினா அவன் போட்டைக் கழட்டணும்'ன்னாரு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வேற."

பன்னிரண்டு வருடம், சேவியர். பன்னிரண்டு வருடமாக நான் உன்னை ஒரு எழுத்தால் கொன்றேன் என்று சுமந்து திரிந்தேன். நீ என் போட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாய். நாய்க்குப் பயந்தவன், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்துவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டு போயிருக்கிறாய். முதல் அழைப்பில் நீ பட்ட ஆச்சரியம் எல்லாம் எனக்காக நடித்ததா? எனக்கு அழுகை வரவில்லை. உன்னை ஏசவேண்டும் போல இருந்தது.

பாரம் இறங்கியது என்று எழுதத்தான் விருப்பம். ஆனால் எழுத்து இறங்கின இடத்தில் செவ்வாய்க்கிழமை ஏறி உட்கார்ந்தது. அதற்கு ஏஜென்சியும் இல்லை, சிங்களமும் இல்லை. என் வாய் மட்டும்தான். அதையும் சொன்னேன். கமாலுக்குச் சுகமெண்டா உனக்கும் சுகம் என்று சொன்னதை, நீ சிரித்ததை, சிரிப்பு இருமலானதை.

மெர்சி தையல் மெசின் மிதிப்பதை நிறுத்தினாள்.

"அத அவர் எனக்குச் சொல்லல" என்றாள்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தைத்து முடித்த சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். நான் போய்விடலாமா என்று பார்த்தேன். ஆறின பிளேன்டியை எடுத்துக் குடித்தேன்.

"அதே நாள் எனக்கும் ஃபோன் எடுத்தாரு" என்றாள் பிறகு. "சளி, தடிமன்னுதான் சொன்னாரு. கொத்தமல்லி அவிச்சுக் குடிங்கன்னு வச்சிட்டேன். துணி வெட்டுற அவசரம்."

பரவாயில்லை என்று நான் அவளுக்குச் சொல்லவும் ஏலாது, அவள் எனக்குச் சொல்லவும் இல்லை. உனக்கு நெருங்கின இரண்டு பேர் அந்த நாளில் உன்னோடு கதைத்தோம். இரண்டு பேரும் ஃபோனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தோம்.

தர்சிக்கு இடம் கிடைத்ததையும், நான் பாஸ்போட்டை ஒளித்து வைத்திருப்பதையும் சொன்னேன். மறியுங்கள் என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன், அதற்காகத்தான் போனேனோ தெரியாது. மெர்சி எந்த ஊர், பண்ணை எவ்வளவு தூரம் என்று கேட்டாள். பக்கத்து மாகாணம், பஸ்ஸில் போய்வரலாம் என்று தர்சி சொன்னது ஞாபகம் இருந்தது. அதைச் சொன்னேன்.

"அப்ப அவளை ஒருக்கா அங்க போய்ப் பார்க்கச் சொல்லுங்க அண்ணன். அவர் படுத்த அறைல ஜன்னல் இருக்கான்னு."

"ஜன்னலோ?"

"ஜன்னல் இருக்கு, காத்து வருது, படுத்துக்கிட்டே நிலா தெரியுதுன்னுதான் எனக்குச் சொல்லுவாரு. எனக்கு அந்த ஜன்னல் இருந்திச்சா இல்லையான்னு தெரியணும். பெட்டி வந்த நாள்ல இருந்து தெரியணும். யார்கிட்டக் கேக்கிறது?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் கடல் பக்கம் இடம் கிடைத்தது. நான் கடலைப் பார்க்கவில்லை. யன்னல் இல்லாத ஒரு அறையைப் பார்த்துக்கொண்டே வெள்ளவத்தை வந்து சேர்ந்தேன். நீ பொய் சொல்லக்கூடியவன் என்று அன்று மத்தியானம்தானே தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து பையை எடுத்து மேசையில் வைத்தேன். பாஸ்போட்டை எடுத்துத் தர்சியின் கையில் கொடுத்தேன்.

"மூண்டு மாசம் எங்க தேடினீங்கள்?" என்றாள்.

"இரு, சொல்றன்."

தாயையும் கூப்பிட்டு இருத்திக்கொண்டு எல்லாம் சொன்னேன். ஃபோம், கமால், செவ்வாய்க்கிழமை, மெர்சி, யன்னல். தர்சி என்னைத் தேற்றுவாள் என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன், மறைக்கவில்லை. அவள் தேற்றவில்லை.

"ஒட்டகம் சுகமா நிண்டது, அவருக்கும் சுகம் எண்டதுக்குச் சாட்சி இல்லை அப்பா" என்றாள். "அது சுகமா நிக்கும். அதுதான் முழுப் பிரச்சினையே."

"அது எனக்கு அப்ப தெரியாது."

"ஓம். ஒருத்தருக்கும் பெரிசாத் தெரியாது. அதுக்காகத்தான் போறன்." பிறகு கொஞ்சம் பொறுத்து, "மெர்சி மாமியின்ர யன்னலை நான் பாத்துச் சொல்றன். ஆனா இல்லையெண்டா என்ன சொல்றது?" என்று கேட்டாள்.

மனுசி என்னைப் பார்த்தாள். இப்படியான நேரத்தில் ஒரு பகிடி விட்டு ஆட்களை எழுப்பி விடுகிறவன் நான். வாய் வரைக்கும் ஒன்று வந்தது, விழுங்கினேன். "எனக்குச் சொல்லு. மெர்சிக்கு நான் போய்ச் சொல்றன்" என்றேன்.

வருகிற வியாழக்கிழமை தர்சி புறப்படுகிறாள். இரத்தம் எடுக்கும்போது முகமூடி, கையுறை, கண்ணாடி எல்லாம் உண்டு என்று மூன்று தரம் சொல்லிவிட்டாள். நான் நாலாம் தரமும் கேட்பேன். பயம் போகவில்லை, சேவியர். அது போகும் என்று யாரும் எனக்கு வாக்குத் தரவுமில்லை.

வாக்குத் தருகிறது நான். அவள் அந்த அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்கிற நாளில், அடுத்த பஸ் எடுத்துக் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். யன்னல் இருந்தால் இருந்தது என்பேன், எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்றும் சொல்வேன். இல்லையென்றால், மெர்சியின் முன்னால் இருந்து, அவள் முகத்தைப் பார்த்து, இல்லை என்றே சொல்வேன். நீ கோபித்தாலும் சொல்வேன். சொல்லிவிட்டு உடனே எழுந்து வரமாட்டேன். அவள் போகச் சொல்லும்வரை அங்கேயே இருப்பேன்.

மெர்சி என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறபடியால், முறைப்படியே உன் மச்சான்,
சிவம்
வெள்ளவத்தை